என் மருமகள் எடுத்துவைத்த வெறுந்தட்டுகள்

என் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்பதை ஒன்பது வருஷம் தெருவுக்குச் சொல்லாமல் மறைத்தவள் நான். யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் வீட்டில் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்று பயம். அவள் வேலை, ஆட்டு ரத்தத்தைத் தட்டில் ஊற்றுவது.

இப்போது நானே சொல்கிறேன். தெருக்குழாயில் நின்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஏன் இப்படி மாறினேன் என்று தெரிய வேண்டுமானால் முதலில் அந்தத் தட்டைப் பற்றித் தெரிய வேண்டும். என்னை அவசரப்படுத்தக் கூடாது. எனக்கு எழுதப் படிக்க வராது. சொல்லத்தான் வரும், அதை என் வேகத்தில்தான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்து கொடுக்கிற ஜன்னலைத் தாண்டிப் போனால் நீளமாக ஓர் அறை இருக்கிறது. அதுதான் லேப். புண், தொண்டை, காது, எங்கிருந்தாவது பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து அங்கே அனுப்புவார்கள். அதில் என்ன கிருமி இருக்கிறது என்று அறிய அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். வளர்க்க வேண்டுமானால் அதற்கும் சாப்பாடு போட வேண்டும் அல்லவா? அந்தச் சாப்பாட்டைச் சமைக்கிறவள் என் மருமகள்.

அவள் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கணக்கில் போய்விட்டது. லேப்பில் பாட்டில் கழுவச் சேர்ந்தவள், தட்டு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் வேலையை விட்டபோது, "நான் செய்யறேன்" என்று முன்னால் போய் நின்றாள். கடற்பாசித் தூளையும் சத்துத் தூளையும் தண்ணீரில் கரைத்து, பெரிய குக்கர் மாதிரி ஒன்றில் வேகவைத்து, ஆறவிட்டு, சரியான பதத்தில் ஆட்டு ரத்தத்தைக் கலக்க வேண்டும். சூடு கூடிப்போனால் ரத்தம் காப்பிப்பொடி நிறமாகிக் கெட்டுவிடும். குறைந்துபோனால் பாசி கட்டி கட்டியாக உறைந்துவிடும். சூடு பார்க்க அங்கே கருவி இருக்கிறது. இவளோ குடுவையை முன்கையின் உள்பக்கத்தில் ஒற்றிப் பார்ப்பாள். குழந்தைப் பாலைப் பார்ப்பது போலத்தான், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு. கருவியும் கையும் ஒத்துப்போனால்தான் ஊற்றுவாள். ஒரு பானைக்கு அறுபது தட்டு. உறைந்த பிறகு பார்த்தால் செக்கச்சிவப்பாக, நீர்ப்பரப்பு மாதிரி வழவழவென்று இருக்குமாம். இன்னொரு பானையில் ரத்தம் சேர்க்காத வெளிர்மஞ்சள் தட்டுகளையும் ஊற்றுவாள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அவற்றில்தான் பார்ப்பார்கள்.

இதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு பானையிலும் முதல் தட்டையும் கடைசித் தட்டையும் எதுவும் தொடாமல் வெறுமனே எடுத்து, இன்குபேட்டர் என்கிற சூட்டு அலமாரியில் வைத்துவிடுவாள். வெறுந்தட்டில் ஏதாவது முளைத்தால் அந்தப் பானையே அசுத்தம், எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டும். லேப்பின் வழக்கம் ஒரு தட்டு, ஒரு நாள். இவள் வழக்கம் இரண்டு தட்டு. அதுவும் அந்தப் பானையில் ஊற்றிய கடைசித் தட்டுக்கு ரிப்போர்ட் போகும் வரை வெறுந்தட்டு அசையாது. அலமாரியில் இடம் போதவில்லை என்று லேப்பை நடத்துகிற டாக்டரம்மா இரண்டு தடவை கடிந்திருக்கிறார். இவள் தலையை ஆட்டிவிட்டு அடித்தட்டின் மூலைக்குள் தள்ளி வைத்துவிடுவாள். அதனால் லேப்பில் அவளுக்கு 'வெறுந்தட்டு' என்றே பேர்.

"வெறுந்தட்டு வந்தாச்சா? அலமாரியில காத்துக்கூடப் போக இடமில்ல" என்று கண்ணாடிக்காரர் கேலி செய்வார். அவர்தான் தட்டுகளைப் பார்த்துப் படிக்கிற டெக்னீஷியன்.

"காத்து போகாம இருக்கத்தானே அண்ணே அலமாரி" என்பாள் இவள்.

இதே பிடிவாதத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாசம் வீட்டுத் துண்டுகளின் மூலையில் ஆளுக்கொரு நிற நூலில் தையல் போட்டாள். எனக்குப் பச்சை, அவள் புருஷனுக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம். ஒருவர் துண்டை ஒருவர் தொடக் கூடாதாம்.

நான் சண்டைக்குப் போனேன். "என் புள்ளைக்கும் எனக்கும் நடுவுல துண்டுல என்ன பாகப்பிரிவினை? அவன் மூக்க என் முந்தானையால துடைச்சு வளர்த்தவ நான்."

"அத்தை, அப்போ அவருக்கு மூணு வயசு. இப்போ முப்பத்தியொண்ணு."

"எனக்கு அவன் எப்பவும் மூணு வயசுதான்."

"சரி, மூணு வயசுப் புள்ளைக்குத் தனித்துண்டு வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பதில் சொல்ல எனக்கு அரை நாள் ஆனது. யோசித்து எழுந்தபோது அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

என் மகன் சிமென்ட் கிடங்கில் சுமை தூக்குகிறவன். பதினொரு பேர் கொண்ட கூட்டம். லாரியிலிருந்து மூட்டையை இறக்கும்போது தோள் அறுபடாமல் இருக்க, சாக்குத்துணியில் பஞ்சு அடைத்த தோள்மெத்தை ஒன்றைப் பிடரியிலிருந்து தோள்வரை போட்டுக்கொள்வார்கள். சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கொரு மெத்தை. எந்த மெத்தையும் யாருக்கும் சொந்தமில்லை. வருகிறவன் கைக்கு எட்டியதை எடுப்பான், வியர்வையில் நனைந்ததும் மாட்டிவிட்டு வேறொன்றை எடுப்பான். அதுதான் அங்கே கூட்டாளித்தனம். முன்பொரு முறை ஒருவன் தனக்கென்று ஒரு மெத்தையை வீட்டிலிருந்து கொண்டுவந்தான். "தொரைக்கு எங்க வேர்வை நாறுதோ?" என்று கேட்டுக் கேட்டே அவனை ஒரு மாசத்தில் வேலையைவிட்டு ஓடவைத்தார்கள். அப்படிக் கேட்டவர்களில் என் மகனும் ஒருவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் சிவப்பாக ஒரு கொப்புளம். நடுவில் கடுகு அளவு கறுப்புப் புள்ளி. தொட்டால் கத்தினான்.

பார்த்தவுடனே சொன்னேன்: "சிலந்தி கடிச்சிருக்கு."

என்னைக் குறை சொல்லலாம். ஆனால் அவன் கட்டிலுக்கு மேலே மூலையில் அன்றைக்கும் ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. துடைப்பத்தால் அதை அடித்துக் கொன்றேன். பிறகு மாவைக் கிண்டிச் சூடாகப் பற்றுப் போட்டேன். சாயங்காலம் கொப்புளம் வீங்கி மஞ்சள் முகம் காட்டியது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து நெரித்தேன். என் அம்மா எனக்குச் செய்ததுதான்.

மருமகள் அப்போதுதான் கடைக்குப் போய் வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அத்தை, பிதுக்காதீங்க! உள்ளே இறங்கிடும்!"

"சிலந்தி விஷம் வெளியில வரணும்டி."

"சிலந்தியை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம என்ன, கொன்னே போட்டேன்."

"அது கடிச்சதைப் பார்த்தீங்களா?"

அவள் என் கைகளைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். என் வயசுக்கு அது பெரிய அவமானமாகத் தோன்றியது. அன்றைக்கு அவள் கையால் சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, மாத்திரையையும் மீறிக் கட்டி வளர்ந்தது. நெல்லிக்காய் அளவு இருந்தது எலுமிச்சை அளவானது. நடுவில் தோல் கறுத்துச் செத்தது. தோளிலிருந்து மார்பை நோக்கிச் சிவப்பு இறங்கியது. காய்ச்சலில் பல் கிட்டித்தது. அவன் மனைவி வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். கட்டியைச் சிறிதாகக் கீறிச் சீழெடுத்து, பஞ்சுக்குச்சியை லேப்புக்கு அனுப்பி, நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

வியாழக்கிழமை காலையில் அறுவை டாக்டர் வந்து பார்த்தார். பேனாவால் செவ்வாய்க்கிழமை போட்ட கோட்டைத் தாண்டிச் சிவப்பு மூன்று விரல்கடை போயிருந்தது. எங்கள் இருவரையும் கதவோரம் கூப்பிட்டார்.

"எந்த மருந்து பிடிக்கும்னு லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும். இன்னைக்கு வரணும். சாயங்காலத்துக்குள்ள இது நிக்கலைன்னா தோள் சதையை அகலமா வெட்டி எடுக்கணும். உயிருக்கு அதுதான் நல்லது."

"கை?" என்று கேட்டேன்.

"கை இருக்கும்மா. ஆனா தலைக்கு மேல தூக்க முடியாது."

மூட்டை தூக்குகிறவனிடம் இதைச் சொல்ல வேண்டும். மருமகள் புருஷன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் படியிறங்கினாள்.

கீழே நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு மூன்று பேர் வாயால் கேட்டேன். மூன்றும் ஒன்றுபோல இருந்ததால் நம்பிச் சொல்கிறேன்.

அந்த வாரம் புண்ணிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சிகள் ஐந்து வந்திருந்தன. ஐந்தும் வெவ்வேறு தெரு டாக்டர்களிடமிருந்தும் வார்டிலிருந்தும் வந்தவை. லேப்பில் பேர் கிடையாது, நம்பர்தான். கண்ணாடிக்காரர் ஐந்து தட்டுகளையும் வரிசையாக வைத்தார். சிவப்புத் தட்டில் பொன்னிறமாகப் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு மறைந்து, கண்ணாடி போல ஒரு வட்டம். அந்த வட்டத்தில் இருந்த ரத்தத்தைக் கிருமி தின்றுவிட்டது என்று அர்த்தம்.

வெளிர்மஞ்சள் தட்டில் மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகிதச் சில்லுகள். மருந்து ஜெயித்தால் சில்லைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்றிடம் விழும். ஐந்து தட்டிலும் வழக்கமான மருந்துச் சில்லின் விளிம்புவரை கிருமி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. மற்ற இரண்டு மூன்று சில்லுகளைச் சுற்றி மட்டும் வெற்றிடம்.

"மேடம், இங்க வந்து பாருங்க. அஞ்சு ஆளு, அஞ்சு இடம். அஞ்சுலயும் ஒரே முகம்" என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டரம்மா பார்த்தார். முகம் சுருங்கியது. "ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத அஞ்சு பேருக்கு எப்படி ஒரே கிருமி வரும்? இதோ, இந்தத் தட்டுல சாம்பிளைத் தேய்ச்ச கோட்டுக்கு வெளியிலயும் ரெண்டு முளைச்சிருக்கு. இது நோயாளிகிட்டேருந்து வந்தது இல்ல. நம்ம பானையில வந்தது. எல்லாம் திங்கட்கிழமை பானைதானே?"

"ஆமாம் மேடம்."

"அப்போ எல்லாத்தையும் அவிச்சுக் கொட்டுங்க. புதுசா சாம்பிள் கேளுங்க. சனிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்கலாம்."

சனிக்கிழமை! மாடியில் என் மகனுக்குச் சாயங்காலம்வரைதான் தவணை.

டாக்டரம்மா என் மருமகள் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார்: "உன்மேல கோபம் இல்லம்மா. யார் கைக்கும் வரும். இனிமே ஜாக்கிரதையா ஊத்து."

அவளுடைய ஒன்பது வருஷ வேலைக்கும் புருஷன் தோளுக்கும் ஒரே வாக்கியத்தில் முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது. அழலாம். காலில் விழலாம். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள், "மேடம், ஒரு நிமிஷம் அந்தத் தட்டுகளைக் கொட்டாம வைங்க" என்றாள். இன்குபேட்டரைத் திறந்து தரையில் மண்டிபோட்டு, அடித்தட்டின் மூலைக்குள் தோள்வரை கையை விட்டாள்.

"வெறுந்தட்டு புதையல் எடுக்கப் போறா" என்றார் கண்ணாடிக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

நான்கு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். "திங்கட்கிழமைப் பானை மேடம். இது சிவப்புல முதல் தட்டு, இது கடைசி. இது மஞ்சள்ல முதல், இது கடைசி. மூணு நாளா சூட்டுல இருக்கு. ஒரு புள்ளி காட்டுங்க, நானே எல்லாத்தையும் கொட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

டாக்டரம்மா முதல் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை. நான்காவதை. திரும்பவும் முதல் தட்டை. ஊற்றிய நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு தூசிகூட இல்லை.

"ஒரு நாள்ல தூக்கிப்போடச் சொன்னேனே?"

"சொன்னீங்க மேடம்."

"ரெண்டு தடவை சொன்னேன்."

"ரெண்டு தடவையும் கேட்டுச்சு மேடம்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்போ பானை சுத்தம். கோட்டுக்கு வெளியில விழுந்தது தேய்ச்ச கையோட கவனக்குறைவு" என்று சொல்லிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். "அஞ்சு பேருக்கும் நிஜமாவே ஒரே கிருமி. வழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ். போனை எடுங்க."

ஒவ்வொரு இடமாகப் போன் போயிற்று. என்ன மருந்து மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆள் என்ன வேலை செய்கிறார் என்றும் டாக்டரம்மா கேட்டார். முதல் ஆள் மூட்டை தூக்குகிறவர். இரண்டாம் ஆளும் மூட்டை. மூன்றாவது, சிமென்ட் கிடங்கு.

"மத்த ரெண்டு பேரும் அங்கதான் மேடம் இருப்பாங்க" என்றாள் மருமகள். "வார்டுல இருக்கிறது என் வீட்டுக்காரர்."

டாக்டரம்மா போனைக் கீழே வைத்தார். "இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொல்லியிருந்தா புருஷனுக்காகக் கெஞ்சறான்னு என்னைப் பார்த்திருப்பீங்க. தட்டைப் பார்த்திருக்க மாட்டீங்க."

இதைக் கண்ணாடிக்காரர்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பதினொரு மணிக்குள் அறுவை டாக்டர் என் மகனை உள்ளே கொண்டுபோய்விட்டார். சதையை வெட்டவில்லை. கட்டியை நன்றாகத் திறந்து, உள்ளே அறை அறையாகக் கட்டியிருந்த சீழை எல்லாம் வடித்தார். புதிதாக இரண்டு மருந்து ஏற்றினார்கள். மத்தியானம் டாக்டரம்மாவே மாடிக்கு வந்தார். விட்டேனா நான்?

"ஏம்மா, அப்போ சிலந்தி கடிக்கலையா?"

"சிலந்தி பாவம்மா. இந்தக் கிருமி வந்தா நிறையப் பேர் சிலந்தின்னுதான் நினைக்கிறாங்க. இது ஒரு விஷத்தைக் கக்கும். அதனாலதான் நடுவுல தோல் செத்துக் கறுக்குது."

"கிருமிக்கு விஷமா?"

"உங்க மருமக தட்டுல புள்ளியைச் சுத்தி ரத்தம் காணாமப் போகுதே, அது விஷத்தோட வேலைதான். ரத்த அணுவில ஓட்டை போட்டு உடைச்சிடும். கிருமியைப் பிடிக்க நம்ம உடம்பு காவக்காரங்களை அனுப்புது இல்லையா, வெள்ளை அணு, அவங்களையும் அதே மாதிரி ஓட்டை போட்டுக் கொல்லுது. சீழ்ங்கிறது பெரும்பாலும் செத்த காவக்காரங்கதான். அந்தக் குவியலுக்குள்ள மருந்து போய்ச் சேராது. அதான் திறந்து வடிக்கணும்."

"மாத்திரை போட்டும் ஏன் பெருசாச்சு?"

"இந்தக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிடுச்சு, சாகாது. அதுமட்டும் இல்ல, சில மருந்து கொல்ல முடியாம சும்மா சீண்டிவிட்டா, விஷத்தை இன்னும் அதிகமாக் கக்கும். அதனால இப்போ ரெண்டு மருந்து. ஒண்ணு கிருமியைக் கொல்ல. இன்னொண்ணு அது விஷம் காய்ச்சற அடுப்பையே அணைக்க."

அடுப்பு என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்போ நான் பிதுக்கினது?"

டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "இனிமே பிதுக்காதீங்க" என்றார். திட்டாமல் விட்டாரே, அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

சாயங்காலம் சிவப்பு பேனாக்கோட்டைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கோட்டுக்கு உள்ளே ஒரு விரல்கடை பின்வாங்கியது. நான் சுண்டுவிரலை வைத்து அளந்தேன், நர்ஸ் பார்க்காதபோது மறுபடியும் அளந்தேன். சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. லேப் ரிப்போர்ட் வரும் என்று சொல்லியிருந்தார்களே, அதே சனிக்கிழமை! அன்றைக்குத்தான் என் மகனுக்கு வாய் திறந்தது.

"என் கழுத்துல இருந்தது உன் தட்டுல நல்லா வளர்ந்துச்சாமே?" என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

"வளர்க்கிற கை அப்படி" என்றாள் அவள். "உங்களையும்தானே வளர்த்துட்டிருக்கேன்."

அதோடு அவள் நிற்கவில்லை. டாக்டரம்மாவிடம் எழுத்து வாங்கிக்கொண்டு, பஞ்சுக்குச்சிகளோடு கிடங்குக்குப் போனாள். ஆணியில் தொங்கிய மெத்தைகளைத் தொட்டுத் தொட்டு எடுத்துவந்தாள். மூன்றாம் நாள், மூடி ஒட்டிய தட்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். இந்தத் தடவை நானும் போனேன். விடமாட்டேன் என்றுதான் போனேன்.

மேஸ்திரி மார்பில் கைகட்டி நின்றார். ஆள் தூண் மாதிரி. "தங்கச்சி, இது ஆம்பளைங்க வேலை பாக்கிற இடம். தலைமுறையா இதே ஆணி, இதே மெத்தை. ஆளுக்கொரு மெத்தை வச்சுக்கிட்டா நாங்க என்ன அந்நியமா?"

"அண்ணே, இது மூணாவது ஆணி. இது அஞ்சாவது ஆணி." தட்டுகளைச் சிமென்ட் மூட்டைமேல் வைத்தாள். "இந்தப் பொன்னிறப் புள்ளிதான் உங்க அஞ்சு பேர் உடம்புலயும் இருந்தது. சுத்திக் கண்ணாடி மாதிரி இருக்கே, அங்க ரத்தம் இருந்துச்சு. இது ஒரு ராத்திரியில தின்னது. தோல் சும்மா இருந்தா இது உள்ள போகாது. மூட்டை உரசிச் சிராய்ச்ச இடம் கிடைச்சா போதும்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பின்னால் இருந்த ஒருவன், "மாப்ளே, நம்மளவிட இது நல்லாத் தின்னுது" என்றான். சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. ஏனென்றால் மேஸ்திரி சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பி நின்று முதுகைக் காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே சிவப்பாக ஒன்று, நடுவில் கறுப்புப் புள்ளி.

"சிலந்தி கடின்னு நினைச்சேன் தங்கச்சி" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். வாயை மூடிட்டு இவகூட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன் நான்.

அவருக்கு நேரத்தோடு திறந்து வடித்தார்கள். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பழைய மெத்தைகள் பதினொன்றையும் மேஸ்திரியே கிடங்குக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார். புது மெத்தைகளை யார் தைத்தது என்று நினைக்கிறீர்கள்? நான்தான். தோய்க்கிற மாதிரி மேலுறை கழற்றிப்போட வரும்படி தைத்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒவ்வொரு நிற நூல். ஒன்பதாவது மெத்தைக்கு வந்தபோது நிறம் தீர்ந்துபோய், இரண்டு நூலை முறுக்கிச் சேர்த்துப் போட்டேன். மருமகள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"என்ன அத்தை, பாகப்பிரிவினையா?"

"ஊசியில நூல் கோத்துக் கொடுடி, கண்ணு தெரியல" என்றேன். கோத்துக் கொடுத்தாள்.

ஏழு வாரம் கழித்து டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். முதல் நாள் நாங்கள் இருவரும் கிடங்கு வாசலில் போய் நின்றோம். லாரி வந்து பின்பக்கம் திறந்தது. என் மகன் சிவப்பு நூல் போட்ட மெத்தையைத் தன் ஆணியிலிருந்து எடுத்தான். அவன் தோளில் தழும்பு பளபளவென்று ஒரு விரல் நீளம் இருந்தது. லாரிமேல் நின்றவன் மூட்டையைச் சாய்த்தான். என் மகன் குனிந்து தோளைக் கொடுத்தான். அந்தக் கை மேலே போகாது என்று சொன்னார்களே, அதே கை தலைக்கு மேலே நிமிர்ந்து போய் மூட்டையின் காதைப் பிடித்தது. நடந்தான். இறக்கினான். திரும்பி வந்து அடுத்ததற்குக் குனிந்தான்.

மேஸ்திரிதான் முதலில் விசிலடித்தார். பிறகு மற்ற எல்லோரும். "வெறுந்தட்டு! வெறுந்தட்டு!" என்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தப் பேரை இவர்களுக்குக் கண்ணாடிக்காரர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மருந்து வாங்க வந்தபோது. என் மருமகள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் விலக்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் மனைவி என்னிடம், "யாரும்மா அது?" என்று கேட்டாள்.

"என் மருமக" என்றேன். "ரத்தத் தட்டு ஊத்தறா. ஆட்டு ரத்தம்."

அந்தம்மாள் ஓரடி பின்னால் போனாள். போகட்டுமே என்று நான் ஓரடி முன்னால் போய், முதல் தட்டு எது, கடைசித் தட்டு எது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.